பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் டெல்லி வரை போகும் வழி

ஒன்று முதல் எட்டு வரை உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதன் மேலாண்மைக் குழுத் தலைவி கேட்கிறார்: இரண்டு வகுப்பறையும் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் வேண்டுமென்று மூன்று ஆண்டாகத் தீர்மானம் போடுகிறோம். வட்டார வள மையத்தில் விசாரித்தால் "டெல்லியில் ஒப்புதல் ஆகவில்லை" என்கிறார்கள். எங்கள் குழுவுக்கும் டெல்லிக்கும் நடுவில் நிஜமாகவே வழி ஏதும் உண்டா? கொள்கை வகுக்கிற இடத்தில் எங்களைப் போன்றவர்கள் சொல்வதற்கு இடம் இருக்கிறதா?

வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் பயணம் செய்வது நீங்கள் எழுதிய தீர்மானம் அல்ல, உங்கள் பள்ளியைப் பற்றிப் பதிவேறிய எண்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை மனு கொடுத்தாலும் அது ஏதோ ஒரு மேசையில் தங்கிவிடும். ஆகவே முதலில் பணம் கேட்கும் வழியை விரிவாகச் சொல்கிறேன். கொள்கையில் குரல் கொடுக்கும் வழியைப் பிறகு பார்க்கலாம். அது வேறு பாதை, வேறு ஆட்கள்.

உங்கள் உரிமை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21 ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்குகிறது: உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22 ஆம் பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும், அரசு தீட்டும் திட்டத்துக்கும் கொடுக்கும் மானியத்துக்கும் அதுவே அடிப்படை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி இது மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுவாரியாகப் பிரித்தது, நிதியாண்டு முடிய மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. அதாவது டிசம்பர் கடைசிக்குள். பெரும்பாலான குழுக்கள் மாதக் கூட்டத் தீர்மானத்தோடு நின்றுவிடுகின்றன. தீர்மானம் ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். வளர்ச்சித் திட்டத்துக்குத்தான் சட்டத்தின் பலம் இருக்கிறது. இரண்டையும் ஒன்று என்று நினைப்பது முதல் பிழை.

இனி பாதை. பள்ளியிலிருந்து வட்டார வள மையம். அங்கே மேற்பார்வையாளரும் ஆசிரியர் பயிற்றுநர்களும் ஒன்றியத்துப் பள்ளிகளின் தேவையைத் தொகுக்கிறார்கள். அடுத்து மாவட்டம்: முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழ் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா என்பதும் இதுதான்) உதவித் திட்ட அலுவலர். அங்கிருந்து சென்னையில் மாநிலத் திட்ட இயக்குநர் அலுவலகம். மாவட்டத் திட்டங்களைச் சேர்த்து மாநிலத்தின் ஆண்டுச் செயல்திட்டமும் வரவுசெலவும் ஆகும். அது 'பிரபந்த்' என்ற இணையதளத்தில் ஏறி டெல்லி போகும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம், மத்திய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் தலைமையில், ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசி முடிவெடுக்கும்.

அந்தக் கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பெயரை யாரும் உச்சரிக்கப் போவதில்லை. "கூடுதல் வகுப்பறை: மாநிலம் கேட்டது இவ்வளவு, பதிவின்படி பற்றாக்குறை இவ்வளவு, பரிந்துரை இவ்வளவு" என்றுதான் பேச்சு நடக்கும். அதில் இரண்டாவது எண் மாநிலம் சொல்வது அல்ல. யுடைஸ் பதிவிலிருந்து டெல்லியே எடுத்துக்கொள்வது. முட்டுக்கட்டை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

யுடைஸ் என்பது நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் கொடுத்து ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்து மாவட்டம் இரண்டு, ஒன்றியம் இரண்டு, ஊர் அல்லது வார்டு மூன்று, பள்ளி இரண்டு. படிவத்தை நிரப்புவது தலைமை ஆசிரியர். பழுதான கழிப்பறை இருந்தால் அவர் மனம் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். "இல்லை" என்று போட்டால் மேலே இருந்து ஏன் என்று கேள்வி வரும். "இருக்கிறது" என்று போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே "இருக்கிறது" என்று விழுகிறது. படிவத்தில் மொத்தம் எத்தனை, பயன்பாட்டில் எத்தனை என்று இரண்டு கட்டம் தனித்தனியாக உண்டு. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் உங்கள் பள்ளியில் கழிப்பறைப் பற்றாக்குறையே இல்லை என்றாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் தீர்மானம் அரசாங்கத்தின் சொந்தப் பதிவுக்கு எதிரான சாட்சி. எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறைக்கும் இதே கதிதான். நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்துக் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கண்டறிந்து இடித்தார்கள். அப்படி இடிக்கப்பட்ட அறை பதிவில் இன்னும் நின்றுகொண்டிருந்தால் புதிய அறை கிடைக்காது. உங்கள் பள்ளிக்கு இது பொருந்துமா என்று இன்றைக்கே பாருங்கள்.

என்ன செய்யலாம் என்றால், படிவம் உறுதிசெய்யப்படும் முன்பு அதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பதிவுக்குச் செப்டம்பர் 30 நிலவரம் என்பது நெடுங்கால வழக்கம். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டங்களின் பொருளில் "யுடைஸ் பதிவு சரிபார்த்தல்" என்று ஒரு வரி இருக்கட்டும். இரண்டு உறுப்பினர்கள் தாளோடு பள்ளியைச் சுற்றி வந்து எண்ணினால் அரை மணி நேர வேலை. கதவு பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, தண்ணீர் வராத கழிப்பறை, பழைய சாமான் போட்டு வைத்திருக்கும் வகுப்பறை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். மாநில அரசின் பள்ளித் தகவல் தளமான எமிஸில் சரியாக இருந்தால் யுடைஸிலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. தலைமை ஆசிரியர் தயங்கினால் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். "குழு ஆய்வு செய்து கண்டபடி" என்று தீர்மானத்தில் எழுதிக் கொடுங்கள். பழி அவர் தலையில் விழாது என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் உண்மையான எண்ணைப் போடுவார்கள்.

அடுத்தது அளவுகோல். டெல்லி "தேவை" என்ற சொல்லைக் கேட்காது, "வரையறை" என்ற சொல்லைத்தான் கேட்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்புப் பட்டியல்தான் வரையறை. தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும். அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். 35 பிள்ளைக்கு ஒருவர். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, அதோடு அலுவலகமும் சேமிப்பறையுமாகத் தலைமை ஆசிரியருக்கு ஓர் அறை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எடுத்துக்காட்டாக உங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை 70 பேர், ஆறு முதல் எட்டு வரை 42 பேர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க நிலைக்கு மூன்று ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரைக்கு மூன்று. ஆக ஆறு வகுப்பறை, ஓர் அலுவலக அறை. இப்போது பயன்படும் நிலையில் நான்கு வகுப்பறை இருந்தால் பற்றாக்குறை இரண்டு. "எங்களுக்கு இடம் போதவில்லை" என்பதும் இதுவும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைத்தான் ஒரு கட்டத்தில் நிரப்ப முடியும்.

தீர்மானத்தின் வாசகமும் இந்தக் கணக்கைத்தான் பேச வேண்டும். "பள்ளிக்குத் தேவையான அனைத்து அடிப்படை வசதிகளும் செய்து தருமாறு தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அதிலிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "யுடைஸ் எண் இன்னது. மாணவர் 70 + 42. கல்வி உரிமைச் சட்ட இணைப்புப் பட்டியலின்படி வேண்டிய வகுப்பறை 6, பயன்பாட்டில் உள்ளவை 4, பற்றாக்குறை 2. பெண்கள் கழிப்பறை மொத்தம் 2, பயன்பாட்டில் 0, காரணம் கழிவுத்தொட்டி இடிந்தது. யுடைஸ் பதிவில் இந்த எண்களே உள்ளன என்பது சரிபார்க்கப்பட்டது. அடுத்த நிதியாண்டு மாவட்டத் திட்டத்தில் சேர்க்கக் கோரப்படுகிறது." இதோடு மூன்று இணைப்பு வையுங்கள்: யுடைஸ் அறிக்கை அட்டையின் நகல், கட்டடத்தின் நிலை பற்றிப் பொறியாளர் கொடுத்த சான்று, புதுக் கட்டடத்துக்கான இடம் பள்ளி பெயரில் இருப்பதற்கான ஆவணம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்புதல் வந்த பிறகு இடத்தில் வில்லங்கம் என்று தெரிந்தால் வேலை நிற்கும், அந்தப் பணம் "நிலுவைப் பணி" என்ற கணக்கில் தொங்கும். அடுத்த ஆண்டு மாநிலம் புதிதாகக் கேட்கும்போது "பழையதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்" என்று டெல்லி சொல்வதற்கு அதுவே காரணமாகும். ஓர் ஊரின் பட்டா தகராறு இன்னொரு மாவட்டத்துப் பள்ளியின் வகுப்பறையைத் தடுப்பது இப்படித்தான்.

உங்கள் பள்ளிக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பதால் ஆசிரியர்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழும், கட்டடம் ஒன்றியத்தின் கீழும் இருக்கிறது. பழுது பார்ப்பதும் இடிப்பதும் ஒன்றியப் பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக நடக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. ஒரு நகல் ஒன்றிய அலுவலகத்துக்கும் போக வேண்டும், கிராம சபையிலும் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அக்டோபர் 2 கூட்டம் ஊராட்சியின் அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தை ஒட்டியது. குடிநீர், கழிவுநீர், கழிப்பறைப் பராமரிப்பு போன்றவற்றுக்கு டெல்லிக்குப் போகவே வேண்டாம், அங்கேயே முடியும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் பாதிச் சக்தி வீணாகிறது. ஆசிரியர் பணியிடம், இடமாறுதல், பாடத்திட்டம், பயிற்றுமொழி, காலை உணவு: இவை சென்னையின் கையில். மின்கட்டணம், துப்புரவு, குடிநீர்: உள்ளாட்சி. டெல்லியின் கையில் இருப்பவை குறைவு, ஆனால் கனமானவை. கல்வி உரிமைச் சட்டத்தின் வரையறைகள், ஆசிரியர் தகுதி, சமக்ர சிக்ஷா திட்டத்தில் எதற்கு எவ்வளவு என்ற அலகுத் தொகை, மதிய உணவுக்கான மத்தியப் பங்கு. கணித ஆசிரியர் வரவில்லை என்று பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினால், அந்தக் கடிதம் மத்தியக் கல்வி அமைச்சகம், தலைமைச் செயலகம், இயக்குநரகம், முதன்மைக் கல்வி அலுவலர் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, நீங்கள் முதலில் போயிருக்க வேண்டிய மேசைக்கே வந்து சேரும்.

அலகுத் தொகைகளில் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2018-19 இல் சர்வ சிக்ஷா அபியானும் இடைநிலைக் கல்வித் திட்டமும் ஆசிரியர் கல்வித் திட்டமும் ஒன்றாகிச் சமக்ர சிக்ஷா ஆயின. 2021-22 முதல் 2025-26 வரையிலான கட்டத்துக்கு ஒதுக்கிய மொத்தம் 2,94,283 கோடி ரூபாய், அதில் மத்தியப் பங்கு 1,85,398 கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 60:40. அந்தக் கட்டத்தின் வழிகாட்டியில் பள்ளிக் கூட்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. நமது எடுத்துக்காட்டுப் பள்ளியில் 112 பேர், ஆக 50,000. இதே பள்ளியில் 99 பேர் என்று பதிவானால் 25,000 ஆகிவிடும். வந்துகொண்டிருக்கும் பிள்ளையின் பெயர் ஆதார் பொருந்தாமல் பதிவில் விழாமல் போவது எத்தனை விலை உயர்ந்த பிழை என்று இதிலிருந்து புரியும். புதிய கட்டம் தொடங்கும்போது இந்தத் தொகைகள் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டு வழிகாட்டியைப் பார்த்தே திட்டம் எழுதுங்கள்.

கால அட்டவணை தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் பதிவைச் சரிசெய்வது. அக்டோபர், நவம்பரில் திட்டத்தை எழுதிக் கிராம சபையில் வைப்பது. டிசம்பருக்குள் வட்டார வள மையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது. ஜனவரி வாக்கில் மாவட்டம் தொகுக்கும், பிறகு மாநிலம். அடுத்து வரும் மாதங்களில் டெல்லிக் கூட்டம். பள்ளி திறந்த சூட்டில் ஜூன் மாதம் கொடுக்கும் கோரிக்கை அந்த ஆண்டுக்கு இல்லை, அடுத்த ஆண்டுக்கு. அதற்குள் தலைமை ஆசிரியர் மாறிவிட்டால் தாளே காணாமல் போகும். பெற்றோருக்கான செயலியில் திட்டத்தை ஏற்றினால் போதும் என்று சொல்வார்கள். ஏற்றுங்கள், ஆனால் முத்திரையிட்ட ஒரு நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்போது "டெல்லியில் ஒப்புதல் ஆகவில்லை" என்ற பதிலுக்கு வருவோம். அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். உங்கள் பள்ளி மாவட்டத் திட்டத்திலேயே இடம் பெறவில்லை. அல்லது மாவட்டம் சேர்த்தது, மாநிலம் முன்னுரிமையில் கழித்தது. அல்லது உண்மையிலேயே டெல்லி மறுத்தது. மூன்றாவதைச் சரிபார்ப்பது எளிது: ஒப்புதல் வாரியக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் பொதுவில் வெளியாகின்றன. தமிழ்நாட்டுக் குறிப்பை எடுத்து அதன் பின்னிணைப்பில் உள்ள செலவு அட்டவணையைப் பாருங்கள். கேட்ட எண்ணிக்கை, அலகுத் தொகை, ஒப்புக்கொண்டது, குறிப்புரை என்று கட்டங்கள் இருக்கும். "பதிவின்படி பற்றாக்குறை இல்லை", "நிலுவைப் பணிகள் உள்ளன" போன்ற சொற்கள் எங்கே தடை என்பதைக் காட்டிவிடும். முதல் இரண்டையும் அறியத் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி: பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. "இந்த ஆண்டு மாவட்ட ஆண்டுத் திட்டத்தில் கூடுதல் வகுப்பறைக்குப் பரிந்துரைத்த பள்ளிகளின் யுடைஸ் எண் பட்டியலின் நகல் தருக" என்று கேளுங்கள். பட்டியல் என்பது ஆவணம், ஆவணத்தைத்தான் கேட்க முடியும்.

ஒப்புதல் வேறு, பணம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 2021 ஜூலையில் மத்தியத் திட்டங்களுக்கு மாநிலத்தில் ஒரே முனையக் கணக்கு என்ற முறை வந்தது, அதாவது ஒரு திட்டத்தின் பணம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்கில். அந்த முறையில் மத்திய அரசு ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேல் விடாது. மாநிலம் தன் பங்கைச் சேர்த்து, முன்பு வந்ததில் நான்கில் மூன்று பங்கைச் செலவழித்த பிறகுதான் அடுத்த தவணை. பள்ளிக்கு இருப்பது இருப்பில்லாக் கணக்கு. அதில் பணம் கிடப்பதில்லை, செலவுக்கு ஒரு வரம்பு மட்டும் தரப்படும். மார்ச் 31 தாண்டினால் வரம்பு போய்விடும். பிப்ரவரியில் வரும் மானியத்தை மார்ச்சில் அவசர அவசரமாகச் செலவழிப்பதற்கும், எங்கோ சில மாவட்டங்கள் கணக்கு முடிக்காததால் மாநிலம் முழுவதற்கும் தவணை தாமதமாவதற்கும் இதுதான் காரணம். என்ன வாங்குவது என்பதைக் குழு நவம்பரிலேயே முடிவு செய்து விலைப்புள்ளியும் வாங்கி வைத்திருந்தால் இந்த அவசரம் இருக்காது.

இவையெல்லாம் வழக்கமான ஆண்டுகளுக்கு. பாதையே அடைபட்ட ஆண்டும் உண்டு. 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: 14,500 பள்ளிகள், 27,360 கோடி ரூபாய். பள்ளியே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது இதன் புதுமை. ஆனால் மாநிலம் முதலில் தேசியக் கல்விக் கொள்கையை நடைமுறைப்படுத்துவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டும். மும்மொழி உள்ளிட்டவற்றை ஏற்காத தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. 2024-25 இல் மாநிலத்துக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி நின்றது. 2025 மார்ச்சில் நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழு, பி.எம்.ஸ்ரீயில் சேராததற்காகச் சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்துவது நியாயமில்லை என்று பரிந்துரைத்தது. மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போயிற்று. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடத்துக்கான சேர்க்கையும் அந்த ஆண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இங்கே ஒரு பள்ளிக் குழு செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்தச் செலவு மாநில நிதியில் நடக்கிறது, எது மத்தியப் பங்கை நம்பியிருக்கிறது என்று பிரித்து வைத்திருந்தால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதாவது தெரியும். வகுப்பறையைப் பொறுத்தவரை பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் மாநில நிதி. அந்தப் பட்டியலில் உங்கள் பள்ளி உண்டா என்று முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி கொள்கை. கல்வி 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. அதனால் டெல்லி சட்டம் செய்யலாம், ஆனால் உங்கள் பள்ளியோடு நேரடியாகப் பேசாது. எப்போதும் மாநிலம் நடுவில் இருக்கும். மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தில் மாநில அமைச்சர்களும் வல்லுநர்களும் உட்காருவார்கள், பள்ளிக் குழுக்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கைக்காக இரண்டரை லட்சம் ஊராட்சிகளில் கருத்துக் கேட்டதாக மத்திய அரசு சொல்கிறது. அந்தக் கருத்துகள் வரைவின் எந்த வரியை மாற்றின என்று தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. அதே வரைவில் இந்தி பற்றிய வாசகம் 2019 ஜூன் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பிய ஓரிரு நாளில் மாற்றப்பட்டது. எந்தக் குரல் எவ்வளவு வேகமாகக் கேட்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் மூன்று கதவுகள் பயனுள்ளவை. அதிகம் பேர் கவனிக்காத முதல் கதவு மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு, சுருக்கமாகத் திஷா. 2016 இல் அமைத்தது. நாடாளுமன்ற உறுப்பினர் தலைவர், ஆட்சியர் உறுப்பினர்-செயலர், சட்டமன்ற உறுப்பினர்களும் உள்ளாட்சித் தலைவர்கள் சிலரும் உறுப்பினர்கள். காலாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும். சமக்ர சிக்ஷாவும் மதிய உணவும் இதன் கண்காணிப்பில் வருகின்றன. மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகளும் மத்தியத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் இது. ஒரு பள்ளியின் பிரச்சினையை இங்கே கொண்டுபோகாதீர்கள். ஒன்றியத்திலுள்ள பத்துப் பதினைந்து குழுத் தலைவர்கள் சேர்ந்து, "இந்த ஒன்றியத்தில் இத்தனை பள்ளிகளில் பதிவில் கழிப்பறை உண்டு, நேரில் பயன்பாட்டில் இல்லை" என்று யுடைஸ் எண்ணோடு ஒரே பக்கத்தில் பட்டியல் போட்டு, கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் ஆட்சியரகத்திலும் கொடுங்கள். உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கும் காலத்தில் ஊராட்சித் தலைவர்களின் இடம் அங்கே காலியாகக் கிடக்கும். அப்போது பெற்றோர் குழுக்களின் பட்டியலுக்கு மதிப்புக் கூடுதல்.

இரண்டாவது, நாடாளுமன்றக் கேள்வி. பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததுமே உறுப்பினரிடம் கொடுத்துவிட வேண்டும். கேள்வியின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது. "தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வசதிகளை மேம்படுத்த அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது" என்று கேட்டால், கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது, பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் கீழ் உள்ளன என்று தொடங்கும் வழக்கமான பத்தி வந்து விழும். டெல்லி தானே செய்த காரியத்தைக் கேளுங்கள்: இன்ன ஆண்டில் இன்ன மாவட்டத்துக்கு எத்தனை வகுப்பறைக்கு ஒப்புதல், எவ்வளவு விடுவிப்பு, மறுத்தவற்றுக்குக் காரணம். அதற்கு மாநிலத்தைக் கைகாட்ட முடியாது.

மூன்றாவது, நாடாளுமன்ற நிலைக்குழு. மசோதா ஆய்வுக்கு வரும்போது பொதுமக்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டு விளம்பரம் தருவார்கள். பெரும்பாலும் இரண்டு வார அவகாசம்தான். வரைவு விதிகளுக்கும் முப்பது நாள் கருத்துக்கு வைப்பது 2014 முதல் அரசின் ஏற்பாடு. இரண்டு இடத்திலும் உணர்ச்சிக்கு வேலையில்லை. எந்த விதி, எந்த உட்பிரிவு, உங்கள் பள்ளியில் அதனால் என்ன ஆகிறது, மாற்று வாசகம் என்ன என்று நான்கு வரி போதும். "35 பிள்ளைக்கு ஒருவர் என்ற வரையறை ஐம்பது பேர் படிக்கும் மலைக்கிராம நடுநிலைப் பள்ளியில் எப்படி வேலை செய்கிறது" என்பது போன்ற செய்தியைப் பள்ளிக் குழுவைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. பொதுவாக ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் கேட்பார்கள். அதனால் பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடம் மொழிபெயர்ப்பு வாங்கி, குழுவினர் கையொப்பமிட்ட தமிழ் மூலத்தையும் பின்னால் இணைத்து அனுப்புங்கள்.